மோட்டார் சீராகச் சுற்றினால் காயில் கருகாது!

முறுக்கு விசையில் துடிப்பு... தொழிற்சாலையில் குறைப்பதும், தோட்டத்தில் கூடுவதும்!

பம்ப்செட் ஓடும்போது விவசாயிகள் கவனிப்பது குழாயில் விழும் தண்ணீரைத்தான். முழுக்குழாயாகக் கொட்டினால் மோட்டாரில் குறை இல்லை என்று நினைப்பது வழக்கம். ஆனால், காயில் கருகிக் கடைக்கு வரும் மோட்டார்களில் பலவும் முந்தின நாள் வரை முழுக்குழாய்த் தண்ணீர் கொட்டியவைதாம். உள்ளே இருக்கும் கோளாறைத் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. சூடு, சத்தம், அதிர்வு, ஆம்பியர் அளவு இந்த நான்கும்தான் காட்டிக்கொடுக்கும்.

தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். காயில் கட்டும் செலவு இலவசம் அல்ல. போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கும் கூலி, திரும்ப இறக்கும் கூலி, அதற்குள் காய்ந்துபோகும் பயிர் எல்லாமே விவசாயியின் கணக்கு. நெல் பால் பிடிக்கும் நேரத்திலோ, நிலக்கடலையில் விழுது இறங்கும் நேரத்திலோ நான்கைந்து நாள் மோட்டார் நின்றுவிட்டால், அந்த இழப்பு காயில் கட்டும் கூலியைவிடப் பெரிது. இந்தக் கருகல்களில் கணிசமானவற்றுக்கு வேர் ஒன்றுதான். மோட்டாரின் முறுக்கு விசை சீராக இல்லாமல், துடித்துத் துடித்து வருவது.

கமலையிலிருந்து ஆயில் இன்ஜின் வரை...

'டார்க்' என்று பொறியாளர்கள் சொல்லும் முறுக்கு விசை, தண்டைத் திருப்பும் பலம். 5 ஹெச்.பி மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று ஓடும்போது, அதன் தண்டில் இருக்கும் முறுக்கு விசை சுமார் 12 நியூட்டன் மீட்டர். ஓர் அடி நீளக் கைப்பிடியின் முனையில் 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன பலமோ, அவ்வளவுதான். கேட்பதற்குக் குறைவாகத் தெரிந்தாலும், நொடிக்கு 48 சுற்று வீதம் விடாமல் கொடுப்பதால்தான் கிணற்றுத் தண்ணீர் மேலே வருகிறது.

இந்த 'விடாமல்' என்பதுதான் முக்கியம். கமலை இறைத்த காலத்தில், மாடுகள் சரிவில் இறங்கும்போது மட்டும்தான் தண்ணீர் வரும். பின்னோக்கி ஏறும்போது வராது. அடுத்து வந்த ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினில், தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் வெடிப்பு. அந்த ஒரு தள்ளலில்தான் மீதிச் சுற்று முழுவதும் ஓட வேண்டும். அதனால்தான் அந்த இன்ஜின்களுக்கு இரு பக்கமும் கனமான சக்கரம் வைத்தார்கள். வெடிக்கும்போது கிடைக்கும் பலத்தைச் சக்கரம் வாங்கி வைத்துக்கொண்டு, வெடிக்காத நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். இருந்தாலும் இன்ஜின் கொட்டகையே அதிரும்.

மும்முனை மின்சாரத்தின் பலம்

ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரும் ஒரு வகையில் அந்த இன்ஜின் போலத்தான். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஏறும்போதும் ஒரு தள்ளல், இறங்கும்போதும் ஒரு தள்ளல். ஆக, நொடிக்கு 100 முறை விசை கூடிக் குறையும். வீட்டுக் கிணற்று மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுவதற்குக் காரணம் இதுதான்.

மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகளிலும் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் ஏறி இறங்குகிறது. ஒன்று தளரும் நேரத்தில் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மூன்றும் ஒரே அளவில் இருந்தால், மூன்றின் கூட்டுப் பலம் எந்த நொடியிலும் மாறாது. மோட்டாருக்குள் ஒரு காந்தப்புலம் ஒரே பலத்துடன் வட்டமடிக்கும். ரோட்டார் அதன் பின்னாலேயே ஓடும்.

சுழலும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாருக்கு, நிகோலா டெஸ்லா அமெரிக்காவில் 1888-ல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே இத்தாலியின் கலிலியோ பெராரிஸ் தனியாக இதைச் செய்து பார்த்திருந்தார். இன்று தோட்டங்களில் ஓடும் மும்முனை மோட்டாரின் நேரடி மூதாதை, மிகயீல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர் 1889-ல் ஜெர்மனியில் உருவாக்கியது. 1891-ல் பிராங்க்பர்ட் நகரில் நடந்த மின் கண்காட்சிக்கு, 175 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த லாபன் என்ற ஊரின் ஆற்று நீர் மின் நிலையத்திலிருந்து மும்முனை மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்த மின்சாரத்தில் 100 ஹெச்.பி மோட்டார் ஒன்று பம்பை ஓட்டி, கண்காட்சித் திடலில் செயற்கை அருவியைக் கொட்ட வைத்தது. மும்முனை மோட்டார் உலகத்தின் கண்ணில் பட்டதே தண்ணீர் இறைத்துத்தான்!

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்நாட்டிலேயே மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். அந்த ஊர் பின்னாளில் பம்ப்செட் தொழிலின் தலைநகரமாக வளர்ந்தது.

சாய்ந்த வரிகளின் ரகசியம்

மின்சாரம் சீராக வந்தாலும், மோட்டாரின் அமைப்பிலேயே சிறு துடிப்புகள் பிறக்க வழி இருக்கிறது. ஸ்டேட்டரில் காயிலை வைப்பதற்கு ஸ்லாட் எனப்படும் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். ரோட்டாரிலும் அலுமினியம் அல்லது தாமிரக் கம்பிகளுக்கான காடிகள் உண்டு. ஒரு காடியின் பல், எதிரே இருக்கும் பல்லுக்கு நேராக வரும்போது காந்த ஈர்ப்பு கூடும், விலகும்போது குறையும். இரண்டிலும் காடிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்துவிட்டால், எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் நேருக்கு நேர் நின்று, ரோட்டார் கிளம்பாமலே பூட்டிக்கொள்ளலாம். அதனால், ஸ்டேட்டரில் 24 காடி என்றால் ரோட்டாரில் 24 வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது உத்தி, ரோட்டார் கம்பிகளைச் சாய்த்து வைப்பது. மோனோபிளாக் மோட்டாரைக் கழற்றும்போது ரோட்டாரைக் கவனித்தால், அதன் மேல் உள்ள வரிகள் பெரும்பாலும் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஓடுவது தெரியும். தீவனம் வெட்டும் இயந்திரத்தின் கத்தி வளைந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கத்தி நேராக இருந்தால் சோளத்தட்டுக் கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டுப்பட்டு, கை வெட்டி இழுக்கும். வளைந்திருந்தால் ஓரத்தில் தொடங்கிப் படிப்படியாக வெட்டும். கைக்குச் சுமை சீராக இருக்கும். ரோட்டார் கம்பி சாய்ந்திருக்கும்போதும் அப்படியே, ஒரு முனை பல்லைக் கடக்கும் நேரத்தில் மறு முனை அடுத்த பல்லை நெருங்கிவிடும். இப்படிச் சாய்ப்பதால் மொத்த விசையில் சிறிது குறையும். ஆனால் துடிப்பும் உறுமலும் அதைவிட நன்றாகக் குறைகின்றன.

மூன்றாவது, காயிலை ஒரே காடியில் குவிக்காமல் பல காடிகளில் பரப்பிக் கட்டுவது. நான்காவது, ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுற்றிலும் ஒரே அளவாக வைப்பது. சிறிய மோட்டார்களில் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். பேரிங் தேய்ந்து ரோட்டார் ஒரு பக்கம் இறங்கினால், அந்தப் பக்கம் காந்தம் அதிகமாக இழுக்கும், அதிர்வு தொடங்கும், பேரிங் இன்னும் வேகமாகத் தேயும்.

தோட்டத்தில் கெடுவது எப்படி?

தொழிற்சாலையில் இவ்வளவு பார்த்துச் செய்த மோட்டாரின் சீரான ஓட்டத்தை, தோட்டத்தில் மூன்று விஷயங்கள் கெடுக்கின்றன.

முதலாவது, மூன்று முனைகளிலும் வோல்டேஜ் வேறுபடுவது. ஒரு டிரான்ஸ்பார்மரில் வீட்டு இணைப்புகள் ஒரே முனையில் அதிகமாக இருந்தாலோ, பியூஸ் முனையிலோ ஸ்டார்ட்டரிலோ இணைப்பு தளர்ந்து கருகியிருந்தாலோ இது நடக்கும். அப்போது மோட்டாருக்குள் எதிர்த் திசையில் சுற்றும் சிறிய காந்தப்புலம் ஒன்று கூடவே பிறக்கிறது. ஏரில் ஒரு மாடு முன்னே இழுக்க, இன்னொரு மாடு இடையிடையே பின்னுக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? அந்த இழுபறி நொடிக்கு 100 முறை நடக்கிறது. வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. பலம் முழுவதும் சூடாக மாறும்.

கணக்கு எளிது. மூன்று முனைகளுக்கு இடையே அளந்த வோல்டேஜ் 400, 415, 385 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 400. சராசரியிலிருந்து அதிகபட்ச விலகல் 15. அதாவது 3.75 சதவிகிதம். இந்தச் சதவிகிதத்தை அதே எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால், காயிலின் சூடு எவ்வளவு சதவிகிதம் கூடும் என்று தோராயமாகத் தெரியும். இங்கே ஏறத்தாழ 28 சதவிகிதம்! காயிலின் இன்சுலேஷன், தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் துறையில் உள்ள பழைய கணக்கு. விலகல் 1 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது. 5 சதவிகிதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது.

இரண்டாவது, இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவது. கண்டென்சர், இல்லாத மூன்றாவது முனையைப் போல ஒன்றை உருவாக்கிக் கொடுக்கிறது. ஆனால், அது ஒரு குறிப்பிட்ட சுமைக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். கிணற்றில் தண்ணீர் மட்டம் மாறினாலோ வோல்டேஜ் மாறினாலோ பொருத்தம் கெட்டுவிடும். நல்ல நிலையில் இருந்தாலும் மோட்டார் தன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே தாங்கும். பம்ப் கேட்பதோ முழுப் பலம். டிரான்ஸ்பார்மருக்கும் கூடுதல் சுமை என்பதால் மின்வாரியமும் இதை அனுமதிப்பதில்லை. அன்றைக்குப் பாயும் நான்கு பாத்திக்காகப் பருவம் முழுவதற்குமான மோட்டாரைப் பணயம் வைப்பதுதான் இது.

மூன்றாவது, குறைந்த வோல்டேஜ். முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வோல்ட் வந்தால், வோல்டேஜ் குறைவது 18 சதவிகிதம்தான். ஆனால், மோட்டார் கொடுக்கக்கூடிய விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடாகும்.

இதோடு போர்வெல் மோட்டாருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கினால், இம்பெல்லர் தலைகீழாகச் சுற்றும். அந்த நேரத்தில் மறுபடியும் ஸ்டார்ட்டரைப் போட்டால், தண்டின் மீது பெரிய முறுக்கு விழும். தண்டு ஒடியலாம், குழாயின் மரை கழன்று மோட்டார் உள்ளே விழலாம். நிறுத்திய பிறகு ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் போட வேண்டும். மின்தடை வந்து திரும்பியதும் தானாக ஓடும் 'ஆட்டோ' வைத்திருப்பவர்கள், அதில் தாமத நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காயில் நிறம் சொல்லும் கதை

கருகிய மோட்டாரைக் கடையில் பிரிக்கும்போது விவசாயியும் பக்கத்தில் இருப்பது நல்லது. காயிலின் நிறமே காரணத்தைச் சொல்லிவிடும். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் மூன்று தொகுதிகளில் இரண்டு கருகி, ஒன்று புதிது போலப் பளபளப்பாக இருந்தால், ஒரு முனை மின்சாரம் இல்லாமலே மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டா இணைப்பு என்றால், ஒரு தொகுதி மட்டும் கருகியிருக்கும். எல்லாத் தொகுதிகளும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், அதிகச் சுமை, குறைந்த வோல்டேஜ், தண்ணீர் இல்லாமல் ஓடியது ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் காயில் மட்டும் கட்டினால், அடுத்த கருகலுக்கு நாள் குறித்தது போலத்தான்.

காயில் கட்டும்போது பழைய கம்பியின் கனமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறக் கூடாது. பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரைத் தீயில் போட்டு எரித்தால், இரும்புத் தகடுகளுக்கு நடுவில் உள்ள மின்காப்புப் பூச்சு போய்விடும். அதன் பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஸ்டேட்டர் இரும்பே சூடாகும். ஒரு தொகுதியைத் தலைகீழாக இணைத்துவிட்டால், மோட்டார் பெரிதாக உறுமும். மூன்று முனைகளிலும் ஆம்பியர் ஏறுமாறாக இருக்கும். எனவே, மோட்டாரைக் கடையை விட்டு எடுக்கும் முன்பே ஓட்டிக்காட்டச் சொல்லி, மூன்று முனைகளிலும் ஆம்பியரை அளந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சோலார் பம்பில் காந்த மோட்டார்

சோலார் பம்ப்செட்களில் ரோட்டாரில் நிலைக்காந்தம் பதித்த மோட்டார்களும் வருகின்றன. வீடுகளில் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும் பி.எல்.டி.சி மின்விசிறியும் இதே இனம். மின்சாரம் இல்லாதபோது இந்த வகை மோட்டாரின் தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பினால், சிலவற்றில் 'கடக்... கடக்...' என்று தட்டுத் தட்டாக நிற்பது கைக்கே தெரியும். காந்தம் ஒவ்வொரு பல்லையும் பிடித்து விடுவதால் வரும் தடுக்கல் அது.

இதைக் குறைக்கக் காடிகளின் எண்ணிக்கையையும் காந்த முனைகளின் எண்ணிக்கையையும் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 12 காடிக்கு 4 காந்த முனை வைத்தால், ஒரு சுற்றில் 12 பெரிய தடுக்கல்கள். அதே 12 காடிக்கு 10 காந்த முனை வைத்தால் 60 தடுக்கல்கள். ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. வண்டிப் பாதையில் 12 பெருங்கல் கிடப்பதற்கும், 60 சிறு சரளை கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். காந்தங்களைச் சாய்த்துப் பதிப்பதும் உண்டு.

இந்த மோட்டாருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கன்ட்ரோலரிலும் இரண்டு விதம். மின்சாரத்தை ஆறு படிகளாக வெட்டி வெட்டிக் கொடுப்பது ஒன்று. விலை குறைவு, ஒவ்வொரு படி மாறும்போதும் விசையில் ஒரு குலுக்கல் இருக்கும். அலை போல ஏற்றி இறக்கிக் கொடுப்பது மற்றொன்று. சத்தமும் அதிர்வும் குறைவு. சோலார் பம்ப் வாங்குபவர்கள் பேனல் எத்தனை வாட் என்று கேட்பதோடு, கன்ட்ரோலர் எந்த வகை, அதற்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் கேட்க வேண்டும். மானியத்தில் அமைக்க விரும்புபவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விவரம் பெறலாம்.

குறை மோட்டாரிலா, லைனிலா? கண்டுபிடிக்க ஒரு சோதனை

ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவர், அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

1. மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது, மூன்று முனைகளிலும் ஆம்பியரை அளந்து எழுத வேண்டும். உதாரணமாக 10.5, 9.8, 9.7 என்றால் சராசரி 10. அதிகபட்ச விலகல் 0.5. அதாவது 5 சதவிகிதம். இதற்குள் இருந்தால் நல்லது. 10 சதவிகிதத்தைத் தாண்டினால் ஓட்டக் கூடாது.

2. மெயினை அணைத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் ஒரே திசையில் ஓர் இடம் தள்ளி இணைக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றுவதால் மோட்டார் சுற்றும் திசை மாறாது.

3. மீண்டும் ஓட்டி அளக்க வேண்டும். அதிக ஆம்பியர் அதே லைனிலேயே நின்றால், குறை மின்சாரத்தில். ஒயரோடு சேர்ந்து இடம் மாறினால், குறை மோட்டாரிலோ அதன் கேபிளிலோ.

லைனில் குறை என்றால், முதலில் சொந்த ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச், பியூஸ் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால், அளந்த வோல்டேஜ் விவரத்தை எழுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வெறும் புகாரைவிட, எண்களோடு போகும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி - பதில்

புதிய மோட்டார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயர்ப்பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் தர எண்ணும் இருக்க வேண்டும். நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கு ஐ.எஸ் 8034, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ் 9079, கிணற்றில் மூழ்கும் ஓப்பன்வெல் பம்ப்செட்டுக்கு ஐ.எஸ் 14220. நட்சத்திரக் குறியீடு அதிகமாக இருந்தால், அதே மின்சாரத்தில் கூடுதல் தண்ணீர் கிடைக்கும். உங்கள் தோட்டத்தில் வரும் வோல்டேஜ், பெயர்ப்பலகையில் உள்ள வோல்டேஜ் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு முனை போனால் மோட்டார் தானாக நிற்க என்ன செய்யலாம்?

ஸ்டார்ட்டரில் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் பொருத்துங்கள். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர் அளவுக்குச் சரியாக வையுங்கள். அடிக்கடி 'டிரிப்' ஆகிறது என்று ரிலேயைக் கூட்டி வைப்பதும், நேராக ஒயரைச் சேர்த்து விடுவதும், காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது போன்றது.

வீட்டுக் கிணற்றில் உள்ள ஒருமுனை மோட்டார் முன்பைவிட அதிகமாக உறுமுகிறது. காயில் போய்விட்டதா?

முதலில் கண்டென்சரைச் சோதியுங்கள். அது பலவீனமானால் மோட்டாரின் துடிப்பு கூடும், கிளம்பத் திணறும். மாற்றும்போது, பழையதில் எழுதியுள்ள அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அளவில் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைத்து மாற்றினால், காயில் சூடாகும். கண்டென்சர் சரியாக இருந்தால், அடுத்து பேரிங்கைப் பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால், ஆட்டம் இருப்பது கைக்குத் தெரியும். ஆட்டம் இருந்தால் பேரிங்கை உடனே மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால், ரோட்டார் உரசிக் காயிலும் சேர்ந்து போகும்.